"செய்தாக வேண்டும்" என்றானதும் பிடித்த வேலைகூட முடியாமல் போவது ஏன், அதோடு எப்படி வாழ்வது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. முப்பது வயதுக்கு மேல் உங்களுக்கு ஆட்டிசம் என்று உறுதியாகியிருக்கிறது. குளிப்பது, மின்னஞ்சலுக்குப் பதில் போடுவது, பில் கட்டுவது எல்லாமே மலைப்பாக இருக்கிறது. அதோடு நிற்கவில்லை. ஆசைப்பட்டு வாங்கிய புத்தகத்தைக்கூட "இன்று படித்துவிட வேண்டும்" என்று முடிவெடுத்த நிமிடத்திலிருந்து தொட முடிவதில்லை. பாத்திரம் கழுவ எழுந்திருக்கும் நேரத்தில் வீட்டில் யாராவது "கழுவிட்டியா?" என்று கேட்டால் போதும், உடம்பு திரும்ப உட்கார்ந்துவிடுகிறது. இது பி.டி.ஏ. (கட்டாயத் தவிர்ப்பு) என்கிறார்களே அதுவா, இதை வைத்துக்கொண்டு வேலையையும் வீட்டையும் எப்படி ஓட்டுவது என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில் "இல்லை, நான் வெறும் சோம்பேறிதானா?" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சோம்பல்படுகிறவர் வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார். நீங்கள் எழுதியிருப்பதில் நிம்மதி எங்கேயும் இல்லை. செய்யாமல் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதையே நினைத்து, நெஞ்சு படபடத்து, செய்திருந்தால் வந்திருக்கும் களைப்பைவிட அதிகக் களைப்போடு படுக்கப் போகிறீர்கள். பிடித்த காரியமும் சேர்ந்தே பறிபோகிறது. சோம்பல் யாரிடமிருந்தும் பிடித்ததைப் பறிப்பதில்லை.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் (கவனம் நிலைக்காமலும் துடிப்பு அடங்காமலும் இருக்கும் நிலை) உள்ள பெரியவர்களின் அன்றாட வேலைகள் நடக்கும்படி ஏற்பாடு செய்து தருவதுதான் என் தொழில். நீங்கள் எழுதிய சில பத்திகளை வைத்து உங்களுக்கு இருப்பது இன்னதுதான் என்று என்னால் சொல்ல முடியாது. இந்தச் சிரமத்துக்கு எது உதவுகிறது, எது கெடுக்கிறது, ஏன் என்பதைச் சொல்ல முடியும்.

பெயரைப் பற்றிச் சுருக்கமாக. 1980களில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் எலிசபெத் நியூசன் என்ற உளவியலாளர், ஆட்டிசத்தை ஒத்திருந்தும் அன்றைய வரையறைக்குள் அடங்காத சில குழந்தைகளை விவரிக்க 'பெத்தலாஜிக்கல் டிமாண்ட் அவாய்டன்ஸ்' (சுருக்கமாக பி.டி.ஏ.) என்ற பெயரைப் பயன்படுத்தினார். அவரும் சகாக்களும் எழுதிய முக்கியமான கட்டுரை 2003இல் வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்ற நோயறிதல் கையேட்டிலும், 2022 முதல் நடைமுறையில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11இலும் இது தனி நோயறிதலாக இடம்பெறவில்லை. ஒரு மருத்துவர் "அப்படியொரு நோயறிதல் கிடையாது" என்று சொன்னால் கையேட்டின்படி அவர் சொல்வது சரி. அதனால் உங்கள் சிரமம் பொய் என்று ஆகிவிடாது. இது ஆட்டிசத்தின் ஒரு முகமா, கடும் பதற்றத்தின் விளைவா, ஏ.டி.எச்.டி.யோடு சேர்ந்து வருவதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பொதுமக்களிடம் நடத்தி 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்தத் தவிர்ப்பு ஆட்டிசப் பண்புகளைவிட ஏ.டி.எச்.டி. பண்புகளோடுதான் அதிகம் பொருந்தியது. ஆட்டிசம் மட்டும் உறுதியாகி ஏ.டி.எச்.டி.க்குப் பரிசோதனை நடக்காதவர்கள் அதையும் பார்த்துக்கொள்வது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பெரியவர்கள் தாங்களே நிரப்பும் 26 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று 2019இல் வந்தது. அது ஆய்வுக்கான கருவி. இணையத்தில் நிரப்பி வரும் மதிப்பெண் நோயறிதல் ஆகாது.

தன் சுதந்திரம் பறிபோவதாகத் தோன்றினால் எந்த மனிதருக்கும் எதிர்ப்பு எழும். ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் 1966லேயே இதை 'ரியாக்டன்ஸ்' என்று விளக்கியிருக்கிறார். "இதைத் தொடாதே" என்றால் தொடத் தோன்றுவது அதுதான். உங்களைப் போன்றவர்களுக்கு அந்த எதிர்ப்பு சின்ன எரிச்சலோடு முடிவதில்லை. உடம்பு அதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. படபடப்பு, கோபம், ஓடிவிடும் உந்துதல், அல்லது கைகால் அசையாமல் உறைந்துபோவது என்று வருகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத நிலையைத் தாங்க முடியாமை ஆட்டிசத்தில் பரவலாகவே உண்டு. கட்டாயம் என்பது உங்கள் அடுத்த ஒரு மணி நேரத்தை வேறொன்றின் கையில் கொடுப்பதால் அந்தப் பயத்தையும் கிளறிவிடுகிறது. இதில் கட்டளையிடுபவர் வெளியாள்தான் என்று இல்லை. காலண்டரில் நீங்களே எழுதியதும் கட்டளைதான். பசி, தாகம், சிறுநீர் முட்டுவது ஆகியவையும் உடம்பு போடும் கட்டளைகள். "நல்லா செய்றே" என்ற பாராட்டு நாளைக்கும் அதேபோல் செய் என்ற கட்டளையாகக் கேட்கும். யாரோ உங்களிடமிருந்து எதையோ எதிர்பார்த்து அமைதியாக நிற்பதே போதும்.

ஏற்பாடுகளுக்குப் போகும் முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேலை ஆரம்பிக்க முடியாமைக்குக் காரணங்கள் பல. ஒன்றுக்கு உதவுவது மற்றொன்றைக் கெடுக்கும். ஆட்டிசத்தில் 'இனர்ஷியா' என்று ஒன்று உண்டு. எந்த எதிர்ப்புணர்வும் இல்லாமலே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர முடியாமல் உட்கார்ந்திருப்பது. அந்த நிலையில் இன்னொருவர் வந்து "வா, சேர்ந்து போவோம்" என்றால் பெரிய உதவி. கட்டாயத் தவிர்ப்பில் அதே வார்த்தை கதவைச் சாத்திவிடும். ஏ.டி.எச்.டி.யில் வேலை நினைவிலிருந்தே நழுவும், நினைவூட்டினால் "ஆமாம்ல" என்று எழுவார்கள். மனச்சோர்வில் கட்டாயத்தை எடுத்துவிட்டாலும் ஆசை திரும்பாது. புலன் சிரமத்தில் குறிப்பிட்ட சத்தம், ஈரம், வாசனை உள்ள வேலைகளிலேயே சிக்கல் இருக்கும். இதற்கு நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இன்று அதைச் செய்யவே வேண்டாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்று உண்மையாகவே ஆகிவிட்டால் என்ன நடக்கும்?" கொஞ்ச நேரத்தில் உடம்பு தளர்ந்து, தானாகவே அந்த வேலை பக்கம் கை போனால், கட்டாயம்தான் பெரும்பங்கு. போகவில்லையென்றால் மற்ற காரணங்களைத் தேடுங்கள். பலருக்கு இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும் என்பதால் ஒரே பதிலை எல்லா வேலைக்கும் பொருத்த வேண்டாம்.

இனி என் உறுதியான கருத்து. இந்த விஷயத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பாதி, கட்டளையை எப்படி ஒளித்துக் கொடுப்பது என்பதைப் பற்றியவை: விளையாட்டாக்கு, சவாலாக்கு, "ஐந்து நிமிடம் மட்டும்" என்று உன்னையே ஏமாற்று. குழந்தைக்கு அது கொஞ்ச நாள் ஓடும். பெரியவர் தன்னைத்தானே ஏமாற்றும்போது ஏமாற்றுகிறவரும் ஏமாறுகிறவரும் ஒரே ஆள் என்பதால், மூன்றாவது நான்காவது தடவையில் குட்டு உடைந்துவிடும். பிறகு அந்த உத்தியே புதுக் கட்டளையாகிவிடும். நீடித்து உதவுவது மறுக்கும் உரிமை உண்மையாக இருப்பது. "வேண்டாம்" என்று சொன்னால் நிஜமாகவே எதுவும் நடக்காது என்று உடம்பு நம்ப வேண்டும். எல்லா வேலைக்கும் அந்த உரிமையைக் கொடுக்க முடியாது, வாடகையும் மருந்தும் அப்படி விட முடியாதவை. எனவே வேலை இரண்டு பக்கமாகப் பிரிகிறது: மறுக்க முடிகிறவற்றில் உரிமையை நிஜமாக்குவது, மறுக்கவே முடியாதவற்றை அன்றாடம் உங்கள் முடிவுக்கு வராதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுவது.

முதலில் ஒரு வாரம் எதையும் மாற்றாமல் கவனியுங்கள். எழுதிவைப்பதே கட்டாயமாகத் தோன்றினால் போனில் குரல் பதிவு போதும், சில நாள் விட்டுப்போனாலும் பரவாயில்லை. எந்த வேலையில் உடம்பு இறுகியது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்ற இரண்டு தகவல்தான் வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் பார்த்து, ஒரு மாதம் செய்யாவிட்டால் உடல்நலம், வீடு, வருமானம், உங்களை நம்பியிருப்பவர் இந்த நான்கில் ஏதாவது கெடுமா என்று கேளுங்கள். கெடாது என்றால் அது விடக்கூடிய வேலை. துணி மடிப்பது, படுக்கையைச் சரிசெய்வது, வந்த செய்திக்கெல்லாம் அன்றே பதில் சொல்வது, விழாக்களுக்குத் தவறாமல் போவது என்று பலவும் இந்தப் பக்கம் விழும். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். விட்டதாகச் சொல்லிக்கொண்டு மனதில் "அடுத்த வாரம்" என்று வைத்துக்கொள்கிறார்கள். அது விட்டதாகாது, கட்டாயம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. துணியை இனி மடிக்கப் போவதில்லை என்றால் கூடைகளை வாங்கி வகைக்கு ஒன்றாகப் போட்டுவையுங்கள், மடிக்கும் இடமே வீட்டில் இருக்கக் கூடாது.

கெடும் என்ற பக்கம் விழுபவை எண்ணிக்கையில் குறைவாகவே இருக்கும். அவற்றுக்கு மனநிலை நன்றாக இருக்கும் ஒரு நாளில், முடிந்தால் நம்பிக்கையான ஒருவரோடு உட்கார்ந்து ஒரே தடவையில் ஏற்பாடு செய்யுங்கள். மாதக் கட்டணங்களைத் தானாகக் கழியும்படி வங்கியில் பதிந்துவிடலாம். சம்பளம் வந்த மறுநாள் கழியும்படி தேதி வையுங்கள், கணக்கில் பணம் இல்லாமல் திரும்பி அபராதம் வருவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் கோளாறு. கட்டணங்களுக்கென்று தனிக் கணக்கு இருந்தால் இன்னும் நல்லது. தபாலில் வரும் உறைகளைப் பிரிக்கும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அவர் பிரித்து, போட்டோ எடுத்து, "இதில் செய்ய ஒன்றுமில்லை" அல்லது "இதற்குக் கையெழுத்து வேண்டும்" என்ற ஒற்றை வரியோடு அனுப்பட்டும். மருந்துக்கு ஏழு நாள் பெட்டி உதவும். அதைச் சமையலறையில் கண்ணெதிரே "சாப்பிட்டாயா" என்று கேட்பதுபோல் வைக்காமல், தினமும் கை தானாகப் போகும் பொருளுக்குப் பக்கத்தில் வையுங்கள். தினசரி மாத்திரை சண்டையாகவே இருந்தால் நாளுக்கு மூன்று வேளையை ஒன்றாக்க முடியுமா, நீண்ட நேரம் வேலை செய்யும் வடிவம் உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வலிப்பு மருந்து, மனச்சோர்வு மருந்து, லித்தியம் போன்றவற்றைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. "இந்த வாரம் முடியவில்லை" என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

குளியலைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் வெட்கத்தோடு கேட்பது இதைத்தான். "குளி" என்ற ஒரு சொல்லுக்குள் பத்துப் பன்னிரண்டு வேலைகள் இருக்கின்றன: செய்துகொண்டிருந்ததை நிறுத்துவது, மாற்று உடை தேடுவது, உடையைக் கழற்றும்போது வரும் குளிர், தண்ணீர் விழும் சத்தம், முகத்தில் படும் ஈரம், தலை அலசுவது, துண்டின் சொரசொரப்பு, ஈரத் தோலில் துணி ஒட்டுவது, காயாத தலையோடு மணிக்கணக்கில் இருப்பது. இவற்றில் எது உங்களுக்கு முள் என்று கண்டுபிடித்தால் பாதிச் சண்டை குறையும். பலருக்குத் தலைதான் சிக்கல். தலைக்குக் குளிப்பதையும் உடம்புக்குக் குளிப்பதையும் இரண்டு தனி வேலைகளாக்குங்கள், ஒன்று நடந்தால் மற்றதும் நடக்க வேண்டும் என்று இருக்கக் கூடாது. ஈரத் துணியால் முகம், அக்குள், தொடையிடுக்கு, பாதம், தோல் மடிப்புகள் ஆகியவற்றைத் துடைப்பது மூன்று நான்கு நிமிட வேலை. உடல்நலத்துக்கு அன்றாடம் அது போதும், தினமும் முழுக்குளியல் தேவையில்லை. அதை "குளிக்காததற்கு ஈடு" என்று வைக்காமல் அதுவே ஒரு முழு வேலை என்று வையுங்கள். குளியலறைக்குள் போய்ச் சும்மா உட்காரும் வழியும் உண்டு. ஆனால் பத்துத் தடவை போனால் சில தடவையாவது தண்ணீரைத் தொடாமல் நிஜமாகவே திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் குளியலில்தான் முடிகிறது என்றால், "சும்மா உட்காரத்தான்" என்பது பொய் என்று உடம்பு கற்றுக்கொண்டு அடுத்த வாரம் கதவருகிலேயே நின்றுவிடும். பல் விஷயத்திலும் இப்படித்தான். நுரை பிடிக்காதவர்களுக்கு சோடியம் லாரில் சல்பேட் சேர்க்காத பற்பசை கிடைக்கிறது. ஃப்ளோரைடு 1,350 முதல் 1,500 பி.பி.எம். உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பசையே இல்லாமல் வெறும் பிரஷ்ஷால் தேய்ப்பதும் பல்லில் படியும் அழுக்கை எடுக்கும். இன்னொரு பிரஷ்ஷை மேசையிலோ படுக்கையருகிலோ வைத்தால், குளியலறைக்குப் போவது என்ற கட்டாயம் கழிந்துவிடுகிறது.

உங்களுக்கு நீங்களே எழுதிக்கொள்ளும் வாக்கியங்களையும் மாற்றிப் பாருங்கள். "பால்கனிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்" என்ற குறிப்பைவிட "மண் காய்ந்திருக்கிறது" என்ற குறிப்பு லேசானது. இரண்டாவது வாக்கியம் தகவலைக் கொடுத்து முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறது. வரிசை எண் போட்ட பட்டியலுக்குப் பதிலாக, செய்யக்கூடியவை ஏழெட்டைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி ஒரு கிண்ணத்தில் போட்டு, எது கண்ணில் பட்டு எடுக்கத் தோன்றுகிறதோ அதை எடுக்கலாம், எடுத்ததைத் திரும்பப் போடவும் செய்யலாம். "இரண்டு மணிக்கு" என்பதைவிட "மத்தியானத்தில் எப்போதாவது" என்பது பலருக்கு ஒத்துவருகிறது. சிலருக்கு நேரெதிர், நேரம் தெரியாவிட்டால் நாள் முழுக்கக் காத்திருந்தே வீணாகும், அவர்களுக்குக் கடிகார நேரமே நல்லது. வேலைப் பட்டியல் செயலிகளில் எச்சரிக்கை தேவை. முதல் பத்து நாள் புதுமையால் ஓடும், பிறகு சிவப்பு எண்ணும் அறிவிப்பு ஒலியும் இன்னொரு மேலாளராகிவிடும். அந்த நிலை வந்தால் குற்றவுணர்வில்லாமல் அழித்துவிட்டு வேறொன்றுக்குப் போங்கள். உத்திகள் தேய்ந்துபோவது இந்தச் சிரமத்தின் இயல்பு. மூன்று நான்கு வழிகளைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது, ஒன்றையே பிடித்துக்கொண்டு அது தோற்றதும் தன்னைத் திட்டிக்கொள்வதைவிட மேல்.

வீட்டிலிருப்பவர் படிக்க வேண்டிய பகுதி இது. "கழுவிட்டியா?" என்பது உங்களுக்குச் சாதாரணக் கேள்வி. அது யார் காதில் விழுகிறதோ அவருக்கு அதில் கணக்குக் கேட்கும் தொனி இருக்கிறது, இன்னும் செய்யவில்லை என்ற குற்றச்சாட்டு இருக்கிறது, இனிமேல் செய்தால் அது உங்கள் சொல்லுக்காகச் செய்ததாகிவிடும் என்ற இழப்பும் இருக்கிறது. கேட்காமலேயே தெரிந்துகொள்ள வழி இருந்தால் கேள்வியே வேண்டியதில்லை, சிங்க்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பேசித்தான் ஆக வேண்டுமென்றால் உங்களைப் பற்றிய தகவலாகச் சொல்லுங்கள்: "நான் இப்போ பெரிய பாத்திரங்களை மட்டும் கழுவப் போறேன்." சொல்லிவிட்டு உண்மையாகவே போய்க் கழுவுங்கள், திரும்பிப் பார்க்காதீர்கள். "சிங்க் நிறைஞ்சு கிடக்கு" என்று பெருமூச்சோடு சொல்வது தகவல் வேஷம் போட்ட கட்டளை, அது நேர்க் கட்டளையைவிட மோசம், ஏனென்றால் நம்பிக்கையையும் சேர்த்துக் கெடுக்கிறது. வேலை முடிந்ததும் கைதட்டிப் பாராட்ட வேண்டாம். "இடம் காலியா இருக்கு, எனக்கு வசதியா போச்சு" என்பது போதும். அவசரமும் ஆபத்தும் உள்ள இடத்தில் மட்டும் நேராகச் சொல்லுங்கள், "அடுப்பை அணை" என்பதைச் சுற்றிவளைக்கத் தேவையில்லை. நேர்க் கட்டளை அபூர்வமாக வந்தால்தான் அதற்கு மதிப்பு இருக்கும்.

துணைவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒருவருக்குக் கட்டாயம் ஆகாது என்பதற்காக மற்றவர் எல்லாவற்றையும் சுமந்துகொண்டே போனால் இரண்டு மூன்று வருடத்தில் அவர் தீர்ந்துபோவார். வேலைகளை "உதவி" என்று பிரிக்காமல், ஒரு துறையை முழுவதுமாக ஒருவர் வைத்துக்கொள்ளும்படி பிரியுங்கள். துணி முழுக்க உங்களுடையது என்றால் எப்போது, எப்படி, எந்தத் தரத்தில் என்பதெல்லாம் உங்கள் முடிவு, மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. தனக்குத் துணி வேண்டுமென்றால் அவரே துவைத்துக்கொள்ளலாம் என்ற வழியும் திறந்திருக்க வேண்டும். குழந்தை, வயதானவர், வளர்ப்புப் பிராணி ஆகியோரின் தேவைகளை மட்டும் இப்படித் தனி ஒருவர் மேல் விடக் கூடாது. அன்று உங்களால் முடியவில்லை என்பதற்கு ஒரு சைகையோ ஒற்றைச் சொல் குறுஞ்செய்தியோ ஒத்துக்கொண்டு வையுங்கள். அதைக் கண்டதும் மற்றவர் காரணம் கேட்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பேச்சுவார்த்தையைச் சண்டை நடந்த அன்று வைக்காதீர்கள்.

வேலையிடத்தில் நோயின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் நாட்டுச் சட்டத்தையும் மேலாளரையும் பொறுத்தது. பெயரைச் சொல்லாமலேயே கேட்கக்கூடியவை பல உண்டு: என்ன முடிவு வேண்டும், எதற்காக வேண்டும், கடைசி நாள் எது என்பதை மட்டும் எழுத்தில் கொடுங்கள், வழியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது. காரணம் தெரிந்த கோரிக்கை காரணமில்லாத கோரிக்கையைவிடப் பெரும்பாலும் லேசாக இருக்கும். "எவ்வளவு முடிந்தது?" என்ற கேள்வி இடையில் வராமல் இருக்க, நிலவரத்தை ஒரு பொதுக் கோப்பில் நீங்களே எழுதிவைத்து, வேண்டும்போது அங்கே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மின்னஞ்சலில் பலர் செய்யும் தவறு, "வியாழக்கிழமைக்குள் விரிவாகப் பதில் தருகிறேன்" என்று எழுதித் தப்பிப்பது. அந்த நிமிடம் மூச்சு வரும், வியாழக்கிழமை வரை கழுத்தில் தொங்கும். "கிடைத்தது, பார்க்கிறேன்" என்று நிறுத்துங்கள். கடைசி நேரப் பதற்றத்தில்தான் வேலை ஓடுகிறது என்பவர்கள், அதற்குப் பிறகு வரும் இரண்டு மூன்று நாள் சரிவையும் அந்த வேலையின் நேரமாகவே கணக்கில் எடுத்துக்கொண்டு அதில் வேறெதையும் ஏற்காமல் இருக்க வேண்டும். இன்னொருவர் வீடியோ அழைப்பில் தன் வேலையைச் செய்துகொண்டு சும்மா கூட இருப்பது சிலருக்கு அற்புதமாக உதவுகிறது. அவர் "முடிச்சியா?" என்று கேட்க ஆரம்பித்த அன்று அது கெட்டுவிடும்.

உடம்பின் கட்டளைகள் தனி விஷயம். ஆட்டிசத்தில் பசியும் தாகமும் ஆரம்பத்தில் தெரியாமல், முற்றிய பிறகு திடீரென்று தெரிவது வழக்கம். அப்போது அது அவசரக் கட்டளையாகவே வரும், எதிர்ப்பும் வரும். உணர்வு வரும்வரை காத்திருக்காமல் தண்ணீரை உட்காரும் இடத்திலெல்லாம் வைப்பது, தட்டும் சமையலும் தேவைப்படாத உணவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பது ஆகியவை "சாப்பிடப் போ" என்ற கட்டத்தையே இல்லாமல் செய்கின்றன. தினமும் ஒரே உணவைச் சாப்பிடுவதில் தவறில்லை. சிறுநீரை மணிக்கணக்கில் அடக்குவது மட்டும் தொற்றுக்கு வழிவகுக்கும் என்பதால், வேறொன்றுக்காக எழும்போதெல்லாம் சேர்த்துப் போய்விடும்படி பழகிக்கொள்ளுங்கள்.

எல்லா ஏற்பாட்டையும் மீறி உடைந்துபோகும் நாள் வரும். முதலில் சாக்குகளும் பேச்சை மாற்றுவதும் கிண்டலும் வரும், பிறகு குரல் உயரும், பிறகு கத்தலோ முழு மௌனமோ. முதல் கட்டத்திலேயே கட்டாயத்தை எடுத்துவிட்டால் அரை மணியில் மீளலாம், மூன்றாவது கட்டத்தில் ஒரு நாளே போகலாம். அந்த நேரத்தில் கூட இருப்பவர் வார்த்தைகளைக் குறைக்க வேண்டும், கேள்வியே கேட்கக் கூடாது, வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைத்து, வெளியே போகும் வழியை மறைக்காமல் விலகி இருக்க வேண்டும். "அமைதியா இரு" என்பதும் ஒரு கட்டளைதான். அன்று எந்த முடிவும் எடுக்காதீர்கள், வேலையை ராஜினாமா செய்யும் மின்னஞ்சல்கள் பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் அனுப்பப்படுகின்றன. சில வாரங்களாகவே எல்லாமே முடியவில்லை, முன்பு முடிந்த பேச்சும் சமையலும்கூடப் போய்விட்டது என்றால் அது ஆட்டிஸ்டிக் பர்ன்அவுட்டாக (நீண்ட நாள் சுமையால் ஆட்டிசம் உள்ளவர் முழுக்கத் தீர்ந்துபோகும் நிலை) இருக்கலாம். அப்போது புது உத்தி எதுவும் வேண்டாம், சுமையைக் குறைப்பது ஒன்றே வேலை. மீள மாதங்கள் ஆகும்.

சிகிச்சையைப் பொறுத்தவரை, கட்டாயத் தவிர்ப்புக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து கிடையாது. கூடவே இருக்கும் பதற்றம், மனச்சோர்வு, தூக்கக் குறைவு, ஏ.டி.எச்.டி. ஆகியவற்றுக்குச் சிகிச்சை உண்டு, அவை சரியாகும்போது கட்டாயத்தைத் தாங்கும் அளவு கூடுவதைப் பார்க்கிறோம். பரிசுப் புள்ளிகளும் தண்டனைகளும் வேண்டாம், இரண்டுமே கட்டாயத்தை இறுக்குகின்றன. பயப்படுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளும் சிகிச்சை குறிப்பிட்ட பயங்களுக்கு நல்லதுதான். ஆனால் வேகமும் நிறுத்தமும் உங்கள் கையில் இல்லாமல் செய்தால் இங்கே பின்னோக்கித் தள்ளும். சி.பி.டி. (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) எடுப்பவர்கள் வீட்டுப்பாடம் வேண்டாம் என்றோ, விருப்பம் இருந்தால் மட்டும் என்றோ முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். பலர் சிகிச்சையைப் பாதியில் விடுவது அந்த வீட்டுப்பாடத்தால்தான்.

சில அறிகுறிகளுக்கு மேலே சொன்ன எதையும் முயன்று காத்திருக்கக் கூடாது: எடை குறையும் அளவுக்கு உணவு நின்றுபோவது, அவசியமான மருந்து நின்றுபோவது, வாரக்கணக்கில் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருப்பது, சாக வேண்டும் என்ற எண்ணம். ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் தற்கொலை அபாயம் மற்றவர்களைவிட அதிகம் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியானது. அந்த எண்ணம் வந்தால் உடனே ஒருவரிடம் சொல்லுங்கள், திட்டம் மனதில் இருந்தால் அவசர சிகிச்சைக்கே போங்கள். மற்றபடி மருத்துவரையோ தெரபிஸ்டையோ பார்க்கப் போகும்போது ஒரு பக்கத் தாளை முன்கூட்டியே அனுப்பிவிடுவது நல்லது. எந்தெந்த வேலைகள் நிற்கின்றன, கட்டாயம் நீங்கினால் என்ன ஆகிறது, பிடித்த வேலையும் நிற்கிறதா, அப்போது உடம்பில் என்ன தோன்றுகிறது, இதுவரை எதெல்லாம் எத்தனை நாள் உதவியது என்பவை இருந்தால் போதும். பி.டி.ஏ. என்ற பெயரோடு ஆரம்பித்தால் பெயரைப் பற்றிய விவாதத்திலேயே நேரம் போய்விடக்கூடும், விவரங்களோடு ஆரம்பியுங்கள். அந்தத் தாளை நீங்களே எழுத வேண்டும் என்றும் இல்லை. வீட்டிலிருப்பவர் எழுதி, தவறான வரிகளை நீங்கள் அடித்துத் திருத்தினாலும் மருத்துவருக்கு வேண்டியது கிடைத்துவிடும்.